பன்னிரண்டு தூண்களும் பதினாறு மாதமும்

லுபுக் தாலாங்,
பிப்ரவரி 11

தம்பி அஸ்ரிஜாலுக்கு, அக்கா யுஸ்னிதார் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம் விசாரிப்பதற்கு முன் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பூகம்பத்தில் விழுந்த நம் ஊர்த் தொடக்கப்பள்ளியைத் திரும்பக் கட்ட வந்த பணத்தை, மாவட்டப் பொதுப்பணித் துறைக்குத் தலைவனாக இருந்த நீ, ஒப்பந்தக்காரனோடு சேர்ந்து தின்றாய். இது ஒன்று. அதற்கு நீதிமன்றம் பதினாறு மாதம் மட்டும் கொடுத்தது. இது இரண்டு.

இப்போது கேட்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? இரத்த அழுத்த மாத்திரை தருகிறார்களா? முட்டிவலி?

தீர்ப்பு நாளில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. தண்டனையைக் குறைத்ததற்கு நீதிபதி மூன்று காரணம் வாசித்தார். நீ நீதிமன்றத்தில் மரியாதையாக நடந்துகொண்டாயாம். பின்னே, மேசை மேல் ஏறி ஆடுவார்களா? இது முதல் குற்றமாம். முதலில் பிடிபட்டது என்று எழுதியிருக்க வேண்டும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் விசேஷம். நீ ‘டத்துக் ராஜோ லெலோ’ என்ற பட்டம் உடைய வம்சத் தலைவனாம். நம் வழக்கப்படி சகோதரிகளின் பிள்ளைகளுக்குத் தாய்மாமனே பொறுப்பு என்பதால், நாற்பத்தொரு மருமக்கள் உன்னை நம்பி இருக்கிறார்களாம். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

இனி முக்கியமான செய்தி. போன வாரம் தலைமையாசிரியர் மர்ஜோனி கடிகாரம் மாட்ட ஒரு தூணில் ஆணி அடித்தார். மூலை உடைந்து விழுந்தது. உள்ளே இரும்பு இல்லை, மூங்கில் இருந்தது. பள்ளியில் பன்னிரண்டு தூண்கள். நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள். எந்தெந்தத் தூணில் இரும்பு இல்லை என்று எழுது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ரெண்டாங் இறைச்சி அனுப்பியிருக்கிறேன். தேங்காய்ப்பாலில் வற்ற வற்றக் கிளறியது, பத்து நாள் கெடாது.

உன் தண்டனை போதாது என்றும், உன் உடல்நலம் வேண்டும் என்றும் ஒரே மூச்சில் துவா செய்யும்,
அக்கா


நகரச் சிறை,
பிப்ரவரி 25

மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பியின் சலாம்.

நான் நலம். உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மிளகாய் வறுக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்கிறீர்களா? அறுபத்தெட்டு வயதில் மரவள்ளி வறுவல் விற்றுத்தான் ஆக வேண்டுமா?

ரெண்டாங் வந்தது. தலைமைக் காவலர் ருசி பார்ப்பதாகச் சொல்லிப் பாதியைத் தின்றார். “உங்க அக்கா இன்னும் ஒரு தடவை அனுப்புவாங்களா?” என்று இரண்டு நாளாக விசாரிக்கிறார்.

கவலைப்படாதீர்கள். அதிகாரிகளாக இருந்தவர்களுக்கு இங்கே தனிப் பகுதி. மின்விசிறி உண்டு. மாலையில் பூப்பந்து ஆடுகிறோம். ஓய்வுபெற்ற ஒரு துணை ஆட்சியர் நன்றாக அடிக்கிறார், ஆனால் புள்ளிக் கணக்கில் ஏமாற்றுகிறார். நம் நாட்டு விடுதலை நாளான ஆகஸ்ட் பதினேழில் தண்டனைச் சலுகை தருவார்கள். கூட்டிக் கழித்தால் அடுத்த வருடத் தொடக்கத்தில் வீட்டில் இருப்பேன்.

ஒரே ஒரு உதவி. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்கிறது. நீங்களும் பிள்ளைகளும் என் ஆதரவில் வாழ்வதாக ஒரு தாளில் கையெழுத்திட்டு என் வழக்கறிஞருக்கு அனுப்புங்கள். நீங்களே எழுதினால் நல்லது. உங்கள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் சலாம் சொல்லும்,
அஸ்ரிஜால்


லுபுக் தாலாங்,
மார்ச் 20

தம்பிக்கு, சலாம். நான் நலம். மூக்கைக் கட்டிக்கொள்வதில்லை. கட்டினால் மிளகாய் கருகுவது தெரியாது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பூப்பந்து இருக்கிறது. தூண் இல்லை. மூங்கில் இல்லை. பள்ளி என்ற சொல்லே இல்லை.

நீ கேட்டபடி தாள் தயார் செய்தேன். பொய் எழுதக் கூடாது என்பதால், நாற்பத்தொரு பேரையும் வீடு வீடாகப் போய்க் கேட்டேன்: “மாமா உனக்கு என்ன குடுத்திருக்காரு?”

டெலிமா சொன்னாள்: “காலண்டர், பெரியம்மா. ரெண்டு வருஷம். அவரு படம் போட்டது.”

அஃப்ரிநெல் சொன்னான்: “வேலை வாங்கித் தர்றேன்னு சொன்னாரு.”

“தந்தானா?”

“சொன்னாருன்னுதானே சொன்னேன்!”

எல்விராவின் ஐந்து வயது மகள், “மாமா மிட்டாய் குடுத்தாரு! பச்சை மிட்டாய்!” என்று குதித்தாள். அதையும் எழுதிக்கொண்டேன். நியாயம் என்றால் நியாயம். நாற்பத்தொரு கையெழுத்தும் ஆயின. கீழே நான் ஒரு வரி சேர்த்தேன்: ‘வம்சத் தலைவன் என்பதற்காகத் தண்டனையைக் குறைத்தது தவறு. ஊரார் நம்பிப் பட்டம் கொடுத்தவன் ஊர்ப் பிள்ளைகளின் கூரையைத் தின்றால், அதற்காகவே கூட்ட வேண்டும்.’

அதை உன் வழக்கறிஞருக்கு அனுப்பவில்லை. பேருந்து ஏறிப் போய் அரசு வழக்கறிஞர் அம்மாவிடம் கையில் கொடுத்தேன். அவர் பட்டியலை வாசித்துவிட்டு மிட்டாய் வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

மர்ஜோனியிடம் மற்றத் தூண்களையும் உடைத்துப் பார்க்கச் சொன்னேன். பதறிப்போனார். “அக்கா, கட்டடம் உறுதின்னு உங்க தம்பி கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருக்கு. அரசாங்கத் தூணை உடைச்சா எனக்குத்தான் ஜெயில். அதுவும் பதினாறு மாசத்துல விட மாட்டாங்க. எனக்குப் பட்டமும் இல்ல, மருமக்களும் இல்ல!”

உன் கையெழுத்துதான் பூட்டு. நீதான் திறக்க வேண்டும். எந்தெந்தத் தூண்?

மாத்திரையை வேளை தவறாமல் போடு.
அக்கா


நகரச் சிறை,
ஏப்ரல் 9

அக்காவுக்கு,

சலாம். நலமாக இருக்கிறீர்கள் என்பது உங்கள் மனுவைப் பார்த்தாலே தெரிகிறது.

தம்பிக்குத் தண்டனை போதவில்லை என்று மனுப்போட்ட அக்கா இந்த உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். வழக்கறிஞர் அதை என் முன்னால் வாசித்தார். மிட்டாய் வரைக்கும் வாசித்தார். “இவங்க உங்க கூடப் பிறந்தவங்களா?” என்று கேட்டார். இருபது வருட அதிகாரி நான். அப்படி ஒரு நாளும் தலை குனிந்ததில்லை.

நீங்கள் கேட்பதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். என் மேல் உள்ள வழக்கு, விலையைக் கூட்டிப் பட்டியல் போட்டது பற்றி மட்டும். கட்டடம் பற்றியது அல்ல. கட்டடத்தைப் பற்றி நான் ஒரு வரி எழுதினால் பதினாறு மாதம் பதினாறில் நிற்காது. பேரிடர் நிதி என்பதால் சட்டத்தில் தண்டனை ஏறிக்கொண்டே போகும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அறுபத்தைந்தில் வெளியே வந்து நான் என்ன செய்வேன்?

பதினோரு வயதில் அம்மாவை இழந்த என்னை வளர்த்தது நீங்கள். அந்த உரிமையில் கேட்கிறேன், இதை விட்டுவிடுங்கள்.

அஸ்ரிஜால்


லுபுக் தாலாங்,
ஏப்ரல் 22

தம்பிக்கு, சலாம். முட்டிக்குத் தேய்க்க எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கித் தேய்.

வளர்த்த உரிமையைப் பேசினாய். வளர்த்தவளுக்குத்தான் அடிக்கிற உரிமையும் உண்டு. அறுபத்தைந்தில் வெளியே வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாய். மூச்சு விடுவாய். தூண் விழுந்தால் ஏழு வயதுப் பிள்ளை அதைச் செய்ய முடியாது.

நீ விடச் சொன்னாய். நான் பிடித்துக்கொண்டேன். போன திங்கட்கிழமை முதல் நான் பள்ளிக்குப் போகிறேன். முதல் வகுப்பு. எனக்கு எழுத்துக் கற்றுத்தந்தது வறுவல் பொட்டலம் கட்டும் பழைய செய்தித்தாள்தானே. ஒரு நாளாவது வகுப்பில் உட்கார வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

மர்ஜோனி வாசலிலேயே மறித்தார். “அக்கா, வயசு வரம்பு இருக்கு.”

“குறைஞ்ச வயசுதானே எழுதியிருக்கு? அதிக வயசு எங்கே எழுதியிருக்கு, காட்டு.”

விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை. உள்ளே போய்விட்டேன்.

குட்டி நாற்காலியில் உட்கார்ந்ததும் வகுப்பே சிரித்தது. பக்கத்துப் பையன் ஃபாஜர் என்னை மேலும் கீழும் பார்த்தான். “நீங்க எத்தனை தடவை ஃபெயிலு?” என்றான். அறுபத்தோரு தடவை என்றேன். மிகுந்த மரியாதையோடு தன் ரப்பரைப் பாதி உடைத்துக் கொடுத்தான். கணக்கில் என்னைவிட அவன் மட்டம். இடைவேளையில் கயிறு சுற்றினேன். பாட்டுப் போட்டியில் மூன்றாம் இடம் வந்தேன், நடுவர் ஓரவஞ்சனை.

இனிப் பகலில் எனக்கு எழுத வேண்டுமென்றால் முகவரி இது: லுபுக் தாலாங் தொடக்கப்பள்ளி, முதல் வகுப்பு, ஜன்னல் ஓரம்.

எந்தெந்தத் தூண், தம்பி?

அக்கா


நகரச் சிறை,
மே 30

அக்காவுக்கு சலாம்.

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். தலைநகரிலிருந்து திடீர் ஆய்வு வந்தது. எங்கள் தனிப் பகுதியைக் கலைத்துவிட்டார்கள். மின்விசிறி போயிற்று, பூப்பந்து போயிற்று. இப்போது பொதுக் கூடத்தில் இருபத்திரண்டு பேரோடு இருக்கிறேன். ஒருவர் திரும்பிப் படுத்தால் எல்லோரும் திரும்ப வேண்டும். திரும்ப வேண்டிய நேரத்துக்குப் புயுங் என்பவன் குரல் கொடுப்பான். எருமை திருடியவன்.

முதல் நாள் கேட்டான்: “அண்ணே, எவ்வளவு?”

“பதினாறு மாசம்.”

“என்ன எடுத்தீங்க?”

மூலையிலிருந்து ஒருவன், “பள்ளிக்கூடம்டா!” என்றான்.

புயுங் யோசித்தான். “நான் ஒத்தை எருமை எடுத்தேன். ரெண்டரை வருஷம். அதுவும் கிழட்டு எருமை. தெரிஞ்சிருந்தா பள்ளிக்கூடமே எடுத்திருப்பேனே! மேய்க்க வேண்டியதும் இல்ல!”

கூடமே சிரித்தது. காவலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. அதுதான் எனக்கே ஆச்சரியம். அன்றிலிருந்து இங்கே என் பெயர் ‘பள்ளிக்கூடம்’. “பள்ளிக்கூடம், சாப்பாடு வந்துருச்சு.” “பள்ளிக்கூடம், நகர்ந்து படு.” ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிறேன்.

எண்ணெய் நன்றாக இருக்கிறது. புயுங்கின் முதுகுக்கும் ஆயிற்று.

முதல் வகுப்பு கிழக்கு அறையா, மேற்கு அறையா?

அஸ்ரிஜால்


லுபுக் தாலாங்,
ஜூன் 8

தம்பிக்கு, சலாம். நலம்.

கிழக்கு அறை. என் நாற்காலிக்கும் தூணுக்கும் ஒரு சாண் இடைவெளி.

ஏன் கேட்டாய்?

அக்கா


நகரச் சிறை,
ஜூன் 19

அக்கா,

இன்று காலை பத்து மணிக்கு நில நடுக்கம். இங்கே விளக்குகள் ஆடின. நம் பக்கம் இன்னும் பலமாக இருந்ததாக வானொலி சொன்னது. ஊர்ப் பெயர் சொல்லவில்லை. பத்து மணி பள்ளி நேரம். எல்லோரும் நலமா? ஒரு வரி போதும்.

அஸ்ரிஜால்


நகரச் சிறை,
ஜூலை 4

அக்கா,

பதினைந்து நாளாகப் பதில் இல்லை. காவலரிடம் தினமும் தபால் கேட்கிறேன். அவர் இப்போது என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்தே கையை விரித்துவிடுகிறார். மூன்று நாளுக்கு முன் புயுங் என் அருகில் வந்து உட்கார்ந்தான். “பள்ளிக்கூடம், உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிடேன். எருமையை எங்கே கட்டியிருக்கேன்னு நான் சொன்ன அன்னைக்குத்தான் நான் தூங்கினேன்” என்றான்.

எழுதுகிறேன். சாலையைப் பார்த்த முன்வரிசைத் தூண்கள் நான்கிலும் இரும்பு உண்டு. ஆய்வுக்கு வருகிறவர்கள் அவற்றைத்தான் தட்டிப் பார்ப்பார்கள் என்று நாங்கள் பேசி வைத்தோம். மற்ற எட்டிலும் மூங்கில். கிழக்கு அறையின் மூன்று தூண்கள் எல்லாவற்றிலும் மோசம். அங்கே சிமெண்டும் குறைவு. படம் வரைந்து, எண் போட்டு, கீழே கையெழுத்திட்டிருக்கிறேன். இதே படத்தின் இன்னொரு பிரதியை நேற்று அரசு வழக்கறிஞர் அம்மாவை வரவழைத்து அவர் முன்னிலையில் கொடுத்தேன். ஒப்பந்தக்காரனின் பெயரும், கமிஷனில் பங்கு வாங்கிய இருவர் பெயரும் சேர்த்தே கொடுத்தேன். “இது உங்க தண்டனையைக் கூட்டும், தெரியும்தானே?” என்று கேட்டார். எங்கள் அக்காவிடம் அதைச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்றேன். என் வழக்கறிஞர் என்னைக் கைவிட்டுப் போய்விட்டார்.

என் பட்டத்துக்குரிய தலைப்பாகை அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. வம்சத்தார் கூடிப் பட்டத்தை மடித்து வையுங்கள். அதைச் சுமக்கத் தகுதியானவன் வரும்வரை மடித்தே இருக்கட்டும்.

முதலில் நீங்கள் அந்த அறையிலிருந்து வெளியே வாருங்கள். இருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி


லுபுக் தாலாங்,
ஜூலை 10

என் தம்பிக்கு, சலாம், சலாம், இன்னொரு சலாம்.

நான் நலம். ஃபாஜர் நலம். நூற்றுப் பதினெட்டுப் பேரும் நலம். நடுக்கம் வந்தபோது மற்ற வகுப்புகள் வாசலுக்கு ஓடிவந்தன. எங்கள் வகுப்பு ஓட வேண்டிய அவசியமே இல்லை. சேர்ந்த மூன்றாம் நாளே எனக்குப் புழுக்கம் தாங்கவில்லை என்று ஆசிரியையிடம் சண்டை போட்டு, வகுப்பை ரம்புத்தான் மரத்தடிக்கு மாற்றிவிட்டேன். ‘கிழக்கு அறை, ஒரு சாண்’ என்று எழுதியது உண்மை. நாற்காலி அங்கேதான் கிடந்தது. அதில் நான் இல்லை என்பதை மட்டும் எழுதவில்லை. நீ மாதக்கணக்கில் எழுதாமல் விட்டதற்கு நான் ஒன்றே ஒன்று எழுதாமல் விட்டேன்.

உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதத்துக்குப் பதில் எழுதாததும் வேண்டுமென்றேதான். தபால்காரர் கேட்டார், “அக்கா, பாவம், தம்பி தவிச்சுப்போயிருப்பாரு, ஒரு வரி போடலாமே?” “வேகட்டும், இன்னும் பதம் வரல” என்றேன். கோபப்படு. உனக்கு உரிமை உண்டு.

உன் படத்தை மர்ஜோனியிடம் கொடுத்தேன். ஒருமுறை பார்த்தார். ஓடிப்போய் மணியை விடாமல் அடித்தார். அரை மணி நேரத்தில் பிள்ளைகள், மேசைகள், வரைபடங்கள் எல்லாம் சந்தைக் கொட்டகைக்குப் போய்விட்டன. மீன்காரர்கள் இடம் விட்டார்கள். ஒரே நாற்றம், ஒரே கும்மாளம்.

பட்டத்தை வெள்ளிக்கிழமை மடித்தோம். யாரும் அழவில்லை. நீயே கேட்டாய் என்பதால் மடிப்பு அழகாக விழுந்தது.

உன்னை நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறேன். இதை எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

அக்கா


லுபுக் தாலாங்,
அக்டோபர் 6

தம்பிக்கு, அக்காவின் சலாம். அழுத்தம் எவ்வளவு? முட்டி எப்படி? புயுங் முதுகு எப்படி?

மேல்முறையீட்டுத் தீர்ப்பைக் கேட்க இந்த முறை முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏழு வருடம். நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த நிருபர் பெண் பயந்துபோய், “நீங்க எந்தத் தரப்பு, அம்மா?” என்று கேட்டாள். “ரெண்டும்” என்றேன்.

நீயாக முன்வந்து சொன்னதால்தான் பத்து வருடம் ஆகவில்லை என்று நீதிபதி சொன்னார். அந்தக் குறைப்பை நான் ஆட்சேபிக்கவில்லை. அது நீ சம்பாதித்தது. பட்டத்துக்கும் மரியாதைக்கும் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. பொறுப்பில் இருந்ததால் கூட்டுகிறேன் என்று வாசித்தார். கைதட்டக் கூடாது என்று காவலர் சொன்னார். முதல் தட்டு ஏற்கெனவே தட்டியாயிற்று.

வீட்டுக்கு வந்தால், அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிப்பதா, வாழ்த்துவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் பொதுவாக வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். பதினேழு சீப்பு. வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை பள்ளியை இடித்தார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. ஒவ்வொரு தூண் விழும்போதும் பிள்ளைகள் உன் படத்தின் எண்ணைக் கத்தினார்கள். எட்டும் நீ சொன்னபடியே மூங்கில். ஒன்றில்கூட நீ பொய் சொல்லவில்லை.

வேலை முடியவில்லை. யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். அரசு வழக்கறிஞர் அம்மாவுக்கும் ஒரு பிரதி போகிறது. நீதிபதிகள், பதவியும் பட்டமும் உடையவன் திருடினால் அவற்றைத் தண்டனையைக் கூட்டும் காரணமாக எழுத வேண்டும், கூண்டில் குனிந்து நின்றதற்குப் பரிசு தரக் கூடாது. சட்டம் இயற்றுபவர்கள், பேரிடர்ப் பணத்தில் கைவைத்த அதிகாரிக்கு இத்தனை வருடத்துக்குக் கீழே போகக் கூடாது என்று எல்லை போட வேண்டும், எருமைத் திருடனைவிட அது மேலே இருக்க வேண்டும். அரசு வழக்கறிஞர்கள் பட்டியலை மட்டும் பார்க்காமல், கட்டியதைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் பின்வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். சிறை அதிகாரிகள் மின்விசிறியைத் திரும்ப மாட்டக் கூடாது. ஒப்பந்தக்காரன் தன் பணத்தில் புதுப் பள்ளி கட்ட வேண்டும். ஒவ்வொரு தூணுக்கும் கம்பி கட்டும்போது மர்ஜோனி நேரில் நின்று எண்ண வேண்டும். நாற்பத்தொரு மருமக்களும் முறை வைத்து மாதம் ஒருவர் உன்னை வந்து பார்க்க வேண்டும். பச்சை மிட்டாய்க்காரிதான் முதலில் வருகிறாள்.

நீ செய்ய வேண்டியது, ஏழு வருடமும் இருக்க வேண்டும். ஆகஸ்டில் சலுகைத் தாள் நீட்டுவார்கள், கையெழுத்துப் போடாதே.

நான் செய்ய வேண்டியது, அதுவரை உயிரோடு இருப்பது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா யுஸ்னிதார்,
முதல் வகுப்பு